இஸ்திரிப்பெட்டிக்குள் எத்தனை ஓம்?

வீட்டில் இருக்கும் இஸ்திரிப்பெட்டியைப் பிளக்கிலிருந்து பிடுங்கி, நன்றாக ஆறவிட்டுத் திருப்பிப் பாருங்கள். கைப்பிடியின் பின்பக்கம் ஒரு சின்ன லேபிள் இருக்கும். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 1000 வாட் என்று போட்டிருக்கும். சிலவற்றில் 750 வாட். இந்த எண்களை வைத்துக்கொண்டு, ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றாமல், உள்ளே இருக்கும் காயிலுக்கு எத்தனை ஓம், வயரில் எத்தனை ஆம்பியர் ஓடும், எந்த சாக்கெட்டில் செருகலாம், லோ வோல்டேஜ் நேரத்தில் சட்டைச் சுருக்கம் ஏன் போகமாட்டேன் என்கிறது என்பதையெல்லாம் சொல்லிவிடலாம். தேவைப்படுவது பெருக்கலும் வகுத்தலும்தான். செல்போனில் கால்குலேட்டர் இருக்கிறது, அது போதும்.

கணக்கில் வருபவை நான்கு பேர்: மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை, மின்திறன். அலகுகளைச் சொன்னால் இன்னும் பழக்கமாகத் தெரியும்: வோல்ட், ஆம்பியர், ஓம், வாட். இந்த நான்கில் ஏதாவது இரண்டு தெரிந்துவிட்டால் மற்ற இரண்டும் தானாக வந்து விழும்.

முதலில் ஆம்பியர். வயரில் ஓர் இடத்தில் நின்று பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வினாடியில் எவ்வளவு மின்னூட்டம் நம்மைக் கடந்து போகிறது என்பதுதான் மின்னோட்டம். வினாடிக்கு 1 கூலும் கடந்தால் அது 1 ஆம்பியர். எலெக்ட்ரான் கணக்கில் சொன்னால் சுமார் 62,400 கோடி கோடி எலெக்ட்ரான்கள். பெரிய எண்தான், ஆனால் நமக்கு அது தேவைப்படாது. கூலும் என்று ஓர் அளவு இருக்கிறது, அது போதும்.

அடுத்து வோல்ட். ஒரு கூலும் மின்னூட்டம் கருவிக்குள் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியேறுகிறது. அப்படிப் போகும்போது எத்தனை ஜூல் ஆற்றலை உள்ளே விட்டுவிட்டுப் போகிறது என்பதுதான் வோல்ட். 230 வோல்ட் என்றால் ஒவ்வொரு கூலும் மின்னூட்டமும் 230 ஜூலை இறக்கிவிட்டுப் போகிறது.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வாட்டுக்கு எதற்குப் பெருக்குகிறோம் என்பது புரிந்துவிடும். ஒரு கூலுமுக்கு எத்தனை ஜூல் என்பது வோல்ட். ஒரு வினாடிக்கு எத்தனை கூலும் என்பது ஆம்பியர். பெருக்கினால் கூலும் அடிபட்டுப்போய், ஒரு வினாடிக்கு எத்தனை ஜூல் என்பது மிஞ்சுகிறது. அதற்குத்தான் வாட் என்று பெயர். பள்ளியில் பலரும் இதை வெறும் சூத்திரமாக மனப்பாடம் செய்துவிட்டுத் தாண்டிப்போய்விடுகிறோம். இந்த ஒரு இடத்தில் இரண்டு நிமிடம் நின்றால் மீதி எல்லாம் லேசாகிவிடும்.

ஓம் என்பது தடை. 1 ஆம்பியர் ஓடவைக்க எத்தனை வோல்ட் கொடுக்க வேண்டியிருக்கிறது? 1 வோல்ட் போதும் என்றால் 1 ஓம். 50 வோல்ட் கொடுத்தால்தான் 1 ஆம்பியர் ஓடும் என்றால் 50 ஓம்.

ஆக, சூத்திரம் இரண்டே இரண்டு:

மின்தடை = மின்னழுத்தம் ÷ மின்னோட்டம்
மின்திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம்

இணையத்தில் தேடினால் வட்டமாக ஒரு சக்கரம் வரைந்து அதில் 12 சூத்திரங்களை அடுக்கி வைத்திருப்பார்கள். அந்தப் பன்னிரண்டும் இந்த இரண்டிலிருந்து பிறந்தவைதான். சக்கரத்தை மனப்பாடம் செய்வதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். பரீட்சை ஹாலில் ஒரு மூலை மறந்தால் மொத்தமும் குழம்பிவிடும். இரண்டை வைத்துக்கொண்டு வேண்டியபோது மற்றவற்றைப் போட்டுக்கொள்வதுதான் உத்தமம்.

சின்னதாக ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். இரண்டு செல் போடும் பழைய டார்ச். இரண்டு செல்லும் சேர்ந்து 3 வோல்ட். பல்பில் 0.3 ஆம்பியர் ஓடுகிறது. தடை 3 ÷ 0.3 = 10 ஓம். திறன் 3 × 0.3 = 0.9 வாட். அவ்வளவுதான்.

இங்கே பலரும் சறுக்குவது மில்லி ஆம்பியரில். 300 மில்லி ஆம்பியர் என்பதை 0.3 ஆக்காமல் அப்படியே போட்டு, 3 ÷ 300 = 0.01 ஓம் என்று எழுதிவிடுவார்கள். விடை விநோதமாக வந்தால் முதலில் அலகைப் பாருங்கள். வோல்ட்டை மில்லி ஆம்பியரால் வகுத்தால் விடை கிலோ ஓமில் வரும், அதாவது 0.01 கிலோ ஓம், அதாவது அதே 10 ஓம். எலெக்ட்ரானிக்ஸ் வேலை செய்பவர்கள் வேண்டுமென்றே இப்படித்தான் போடுவார்கள். பழகிவிட்டால் வசதி.

சரி, இஸ்திரிப்பெட்டிக்கு வருவோம்.

லேபிளில் ஆம்பியர் இல்லை, வாட் இருக்கிறது. திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம் என்பதால் மின்னோட்டம் = 1000 ÷ 230 = 4.35 ஆம்பியர். இப்போது தடை = 230 ÷ 4.35 = 52.9 ஓம். முடிந்தது.

இதை ஒரே படியில் போட ஒரு குறுக்கு வழி உண்டு. மின்னழுத்தத்தை அதனாலேயே பெருக்கி வாட்டால் வகுத்தால் நேராகத் தடை வந்துவிடும். 230 × 230 = 52,900. இந்த ஒரு எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் வீட்டு சப்ளையில் ஓடும் எந்த ஹீட்டர் வகைக் கருவியாக இருந்தாலும் 52,900ஐ அதன் வாட்டால் வகுத்தால் ஓம். 1500 வாட் சுடுதண்ணி ராடுக்கு 35.3 ஓம். 2000 வாட் கீசருக்கு 26.45 ஓம். 60 வாட் குண்டு பல்புக்கு 882 ஓம். வாட் கூடக்கூட ஓம் குறைகிறது, கவனித்தீர்களா? தடை அதிகம் இருந்தால்தானே சூடு அதிகம் வரும் என்று நினைத்திருந்தால் இந்த இடத்தில் கொஞ்சம் இடிக்கும். சப்ளை வோல்ட் மாறாமல் இருக்கும்போது, தடை குறைந்தால் ஆம்பியர் கூடும், ஆம்பியர் கூடினால் வாட் கூடும். வீட்டில் எல்லாக் கருவிகளும் அதே 230 வோல்ட்டில்தான் தொங்குகின்றன என்பதால் அங்கே குறைந்த ஓம்தான் பெரிய கருவி.

கையில் ஒரு மல்டிமீட்டர், அதாவது வோல்ட், ஆம்பியர், ஓம் எல்லாவற்றையும் அளக்கும் சின்னக் கருவி, இருந்தால் இதைச் சோதித்தே பார்க்கலாம். சாதாரண மீட்டர் போதும். பெட்டி பிளக்கில் இருக்கக் கூடாது, இது கட்டாயம். ஓம் அளக்கும்போது மீட்டர் தன் பேட்டரியிலிருந்து ஒரு சிறு மின்னோட்டத்தை அனுப்பித்தான் அளக்கிறது. உயிரோடு இருக்கும் லைனில் வைத்தால் மீட்டரும் போகும், நமக்கும் ஆபத்து. பெட்டியின் சூட்டுக் குமிழை நடுவில் திருப்பி வையுங்கள். ஆஃப் நிலையில் தெர்மோஸ்டாட், அதாவது சூட்டுக்கு ஏற்பத் தானே இணைத்துத் துண்டிக்கும் ஸ்விட்ச், திறந்திருக்கும், மீட்டர் ஒன்றும் காட்டாது. பிளக்கின் மூன்று பின்களில் தடித்த எர்த் பின்னை விட்டுவிட்டு, மற்ற இரண்டில் மீட்டரின் இரு முனைகளை வைத்தால் 50ஐ ஒட்டி ஓர் எண் காட்டும்.

கணக்கும் மீட்டரும் இவ்வளவு பொருந்துவதற்குக் காரணம் காயிலில் இருக்கும் நிக்ரோம் கம்பி. நிக்கலும் குரோமியமும் கலந்த இந்தக் கம்பி சூடானாலும் தன் தடையை அதிகம் மாற்றிக்கொள்வதில்லை. ரிப்பேர் கடைக்காரர் பெட்டியை வாங்கியதும் முதலில் செய்வது இந்த ஓம் சோதனையைத்தான். எண் சரியாக வந்தால் காயிலும் வயரும் நலம். ஒன்றுமே காட்டவில்லை என்றால் எங்கோ அறுந்திருக்கிறது. காயில் போய்விட்டது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம், பெட்டியின் கழுத்தில் வயர் வளைந்து வளைந்து உள்ளே அறுந்திருப்பதும் சகஜம். மீட்டரை வைத்துக்கொண்டே அந்த இடத்தில் வயரை ஆட்டிப் பார்த்தால் எண் வந்து வந்து போகும்.

குண்டு பல்பில் இதே சோதனையைச் செய்தால் ஆச்சரியம் காத்திருக்கிறது. 60 வாட் பல்புக்குக் கணக்கு 882 ஓம் என்றது. மீட்டர் அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகக் காட்டும். மீட்டரில் கோளாறு இல்லை. டங்ஸ்டன் இழை எரியும்போது சுமார் 2500 டிகிரி செல்சியஸ் வரை சூடாகிறது, அந்தச் சூட்டில் அதன் தடை குளிர்ந்த நிலையைவிடப் பத்து மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது. 882 என்பது எரியும் பல்பின் தடை. மீட்டர் அளந்தது ஆறிக் கிடக்கும் பல்பை. குளிர்ந்த இழை 65 ஓம் என்று வைத்துக்கொண்டால், ஸ்விட்சைத் தட்டும் முதல் நொடியின் சின்னத் துணுக்கில் 230 ÷ 65 = 3.5 ஆம்பியர் பாய்கிறது. பிறகு இழை சூடாகி 0.26 ஆம்பியருக்கு இறங்கிவிடுகிறது. பழைய பல்புகள் எரிந்துகொண்டிருக்கும்போது ஃபியூஸ் ஆவதைவிட ஸ்விட்ச் போடும்போது பளிச்சென்று மின்னி ஃபியூஸ் ஆவது ஏன் என்பதற்கு இதுதான் விளக்கம்.

வாட் கருவியின் சொந்தக் குணம் இல்லை

கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துப்போவதாக இருந்தால் இதை எடுத்துப்போங்கள். "இது 1000 வாட் பெட்டி" என்று நாம் சொல்கிறோம். உண்மையில் அது 52.9 ஓம் பெட்டி. அதற்குள் இருக்கும் பொருள், நீளம், தடிமன் எல்லாம் சேர்ந்து முடிவு செய்வது அந்த ஓமைத்தான். 230 வோல்ட் கொடுத்தால் அது 1000 வாட்டாக வேலை செய்யும். வேறு வோல்ட் கொடுத்தால் வேறு வாட்.

லோ வோல்டேஜ் வரும் ஊர்களில் மாலை நேரத்தில் லைன் 180 வோல்ட்டுக்கு இறங்கிவிடுகிறது என்று வையுங்கள். 180 ÷ 52.9 = 3.4 ஆம்பியர். 180 × 3.4 = 612 வாட். வோல்ட் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு சொச்சம்தான், ஆனால் வாட்டில் நூற்றுக்கு 39 போய்விட்டது. வோல்ட் குறையும்போது ஆம்பியரும் கூடவே குறைகிறது, இரண்டையும் பெருக்குகிறோம், அதனால் அடி இரட்டிப்பாக விழுகிறது. பருத்திச் சட்டை கசங்கியபடியே இருப்பதற்குப் பெட்டியைத் திட்டிப் பயனில்லை.

இதே விஷயம் மறுபக்கமும் வேலை செய்யும். அமெரிக்காவிலிருந்து வரும் உறவினர் ஒரு ஹேர் டிரையரைப் பரிசாகக் கொண்டுவருகிறார். அங்கே வீட்டு சப்ளை 120 வோல்ட். டிரையரில் 1000 வாட் என்று போட்டிருக்கிறது. பிளக்கு மட்டும்தானே வேறு என்று ஓர் அடாப்டரை மாட்டி நம் சாக்கெட்டில் செருகினால்? அதன் தடை 120 × 120 ÷ 1000 = 14.4 ஓம். 230 வோல்ட்டில் அது இழுப்பது 16 ஆம்பியர். திறன் 230 × 16, கிட்டத்தட்ட 3680 வாட். ஆயிரம் வாட்டுக்குச் செய்த காயிலும் பிளாஸ்டிக் உடலும் அதைத் தாங்காது. சில நொடிகளில் புகை வரும். பிளக்கு மாற்றும் அடாப்டர் வோல்ட்டை மாற்றாது என்பதை ஊருக்கு வரும் எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. லேபிளில் 100-240 வோல்ட் என்று இருந்தால் மட்டும் கவலையில்லை. லேப்டாப், செல்போன் சார்ஜர்கள் பெரும்பாலும் அப்படித்தான்.

தேர்வுகளில் அடிக்கடி வரும் ஒரு கேள்வியும் இதே நூலில்தான் தொங்குகிறது. 100 வாட் பல்பு ஒன்று, 40 வாட் பல்பு ஒன்று. இரண்டையும் தொடராக, அதாவது சீரியல் செட்டில் கோர்ப்பதுபோல் ஒன்றன்பின் ஒன்றாக இணைத்து 230 வோல்ட் கொடுக்கிறோம். எது பிரகாசமாக எரியும்? 100 வாட் என்று சொல்லத்தான் வாய் வரும். ஓமைப் போட்டுப் பாருங்கள். 52,900 ÷ 100 = 529 ஓம். 52,900 ÷ 40 = 1322.5 ஓம். தொடரில் தடைகள் கூடும், மொத்தம் 1851.5 ஓம். இரண்டிலும் ஓடுவது ஒரே மின்னோட்டம், 230 ÷ 1851.5 = 0.124 ஆம்பியர். 100 வாட் பல்புக்குக் கிடைக்கும் வோல்ட் 0.124 × 529 = சுமார் 66. 40 வாட் பல்புக்கு 164. ஆகவே முதலாவது சுமார் 8 வாட், இரண்டாவது சுமார் 20 வாட். 40 வாட் பல்புதான் பிரகாசம். நிஜ பல்பில் எண்கள் கொஞ்சம் மாறும், ஏனென்றால் மங்கலாக எரியும் இழையின் தடை 529 வரை ஏறியிருக்காது. யார் ஜெயிப்பார் என்பது மட்டும் மாறாது. சொல்லப்போனால் 40 வாட் பல்பின் பக்கம் இன்னும் சாய்ந்துவிடும்.

வயரும் ஒரு தடைதான்

இதுவரை வயருக்குத் தடையே இல்லாததுபோல் பேசினோம். செம்பு வயருக்கும் தடை உண்டு, மிகக் கொஞ்சம். 1 சதுர மில்லிமீட்டர் வயர் 100 மீட்டருக்கு ஏறக்குறைய 1.8 ஓம். தோட்டத்தில் 50 மீட்டர் தள்ளி ஒரு ஷெட்டுக்கு இந்த வயரை இழுத்தால் போகவும் வரவும் சேர்த்து 100 மீட்டர். அங்கே 1500 வாட் ராடைப் போட்டால், அதன் 35.3 ஓமோடு வயரின் 1.8 ஓமும் சேர்ந்து 37.1. மின்னோட்டம் 6.2 ஆம்பியர். வயரிலேயே விழும் வோல்ட் 6.2 × 1.8 = 11 சொச்சம். ஷெட்டுக்குப் போய்ச் சேருவது 219 வோல்ட்தான். வயரில் வீணாகும் திறன் 11 × 6.2, கிட்டத்தட்ட 69 வாட். அந்த 69 வாட் 100 மீட்டர் முழுக்கப் பரவிக் கிடப்பதால் தொட்டால் பெரிதாகத் தெரியாது. அதே 69 வாட் ஓர் இடத்தில் குவிந்தால் கதை வேறு.

குவியும் இடம் பெரும்பாலும் பிளக் பின். சாக்கெட்டின் உள்ளே பித்தளைக் கிளிப் தளர்ந்து, பின்னைச் சரியாகக் கவ்வாமல் இருக்கிறது. அந்தத் தளர்ந்த தொடர்பில் ஓர் அரை ஓம் தடை வந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அரை ஓம் என்பது ஒன்றுமே இல்லாததுபோல் தோன்றும். அதன் வழியே ராடின் 6.5 ஆம்பியர் ஓடுகிறது. அங்கே விழும் வோல்ட் 6.5 × 0.5 = 3.25. திறன் 3.25 × 6.5 = 21 வாட். சாதாரண சால்டரிங் அயர்ன் 25 வாட். அதாவது, ஈயத்தை உருக்கும் கருவி ஒன்றை சாக்கெட்டுக்குள் வைத்து மூடியதுபோல. பிளக் பின் கறுத்துப்போவதும், சாக்கெட்டின் வெள்ளை பிளாஸ்டிக் மஞ்சளாகி உருகுவதும் இதனால்தான்.

இந்த இடத்துக்குப் பொருத்தமான சூத்திரம் மின்னோட்டம் × மின்னோட்டம் × மின்தடை. அதுவும் நம் இரண்டிலிருந்து வந்ததுதான். ஆம்பியர் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. 3000 வாட் கீசர் 13 ஆம்பியர் இழுக்கும், அதே தளர்ந்த சாக்கெட்டில் 85 வாட் சூடு. சூடு மின்னோட்டத்தின் இருமடிக்கு, அதாவது அதை அதனாலேயே பெருக்கினால் வரும் எண்ணுக்கு, ஏற்பக் கூடுகிறது என்பதை 1840களின் தொடக்கத்தில் அளந்து எழுதியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஜூல். மதுவடிக்கும் ஆலை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை, ஆய்வகமெல்லாம் வீட்டிலேயே.

நம் சாக்கெட்டுகளில் சின்னது 6 ஆம்பியர், பெரியது 16 ஆம்பியர். எலெக்ட்ரீசியன்கள் இன்னமும் 5 ஆம்ப்ஸ், 15 ஆம்ப்ஸ் என்றே சொல்வார்கள், பழைய அளவு அது. 6 × 230 = 1380 வாட். இஸ்திரிப்பெட்டி சின்ன சாக்கெட்டில் தாராளமாகப் போகலாம். 1500 வாட் ராடு கூடாது. பெரிய பிளக்கைச் சின்ன சாக்கெட்டில் செருக உதவும் கன்வெர்ட்டர் பிளக்குகள் கடையில் கிடைக்கத்தான் செய்கின்றன. கிடைக்கிறது என்பதற்காக வாங்க வேண்டுமென்பதில்லை.

தெருமுனை டிரான்ஸ்ஃபார்மருக்கு 11,000 வோல்ட் லைன் வருவதற்குக் காரணமும் இந்த இருமடிச் சூடுதான். 23 கிலோவாட்டை 230 வோல்ட்டில் அனுப்பினால் 100 ஆம்பியர் ஓட வேண்டும். 11,000 வோல்ட்டில் அனுப்பினால் 2 ஆம்பியர் சொச்சம். ஆம்பியர் 48ல் ஒரு பங்கானால் அதே கம்பியில் வீணாகும் சூடு 2300ல் ஒரு பங்குக்கு வந்துவிடுகிறது.

நம் உடம்பும் இந்தக் கணக்குக்கு விலக்கில்லை. ஈரக் கை, ஈரக் கால் என்றால் உடம்பின் தடை 1000 ஓம் அளவுக்கு இறங்கிவிடலாம். 230 ÷ 1000 = 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். உயிரைப் பறிக்க அதில் ஒரு சிறு பகுதியே போதும். வீட்டுப் பாதுகாப்புக்கு வைக்கும் ஆர்சிசிபி 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கும்படி செய்யப்பட்டிருப்பது அதனால்தான். ஆம்பியர் அளவு மீறினால் துண்டிக்கும் எம்சிபி மட்டும் இருக்கும் வீட்டில் இந்தப் பாதுகாப்பு கிடையாது. 16 ஆம்பியர் எம்சிபிக்கு 0.23 ஆம்பியர் என்பது கண்ணிலேயே படாத விஷயம்.

ஒரு எல்இடியும் ஒரு ரெசிஸ்டரும்

எலெக்ட்ரானிக்ஸில் கைவைக்கும் எல்லோரும் முதலில் செய்யும் கணக்கு இது. பைக்கின் 12 வோல்ட் பேட்டரியில் ஒரு சின்ன சிவப்பு எல்இடியை எரிய வைக்க வேண்டும். சிவப்பு எல்இடி ஏறக்குறைய 2 வோல்ட்டைப் பிடித்துக்கொள்ளும், 20 மில்லி ஆம்பியர் வரை தாங்கும். நேராகப் பேட்டரியில் கொடுத்தால் அந்த நொடியே போய்விடும். நடுவில் ஒரு ரெசிஸ்டர், அதாவது தடையாக நிற்பதற்கென்றே செய்த சின்னப் பாகம், வேண்டும். மீதி 10 வோல்ட்டும் அதன் தலையில்தான். 10 ÷ 0.02 = 500 ஓம். கடையில் சுலபமாகக் கிடைப்பது 470 அல்லது 560. பாதுகாப்பாக 560 வாங்குகிறோம்.

ஓம் கண்டுபிடித்ததும் பலர் எழுந்து போய்விடுவார்கள். வாட்டையும் போட வேண்டும். 10 ÷ 560 = 0.018 ஆம்பியர், 10 × 0.018 = 0.18 வாட். கால் வாட் ரெசிஸ்டர் போதும்போல் இருக்கிறது. ஆனால் எஞ்சின் ஓடும்போது பேட்டரி சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும், அப்போது 12 வோல்ட் என்பது 14.4 வரை ஏறும். ரெசிஸ்டரின் மேல் 12.4 வோல்ட். ஆம்பியர் 0.022, வாட் 0.27. கால் வாட்டைத் தாண்டிவிட்டது. எல்இடியும் தன் 20 மில்லி ஆம்பியரைக் கொஞ்சம் தாண்டுகிறது. 680 ஓம், அரை வாட் என்று கேட்டு வாங்கினால் வருடக்கணக்கில் தொல்லை இருக்காது. விலை வித்தியாசம் சில்லறைக் காசு.

எல்இடிக்கு மட்டும் 2 வோல்ட் ÷ 0.02 ஆம்பியர் = 100 ஓம் என்று போட்டு, இது 100 ஓம் கருவி என்று சொல்லலாமா? கூடாது. எல்இடியில் வோல்ட்டை இரட்டிப்பாக்கினால் ஆம்பியர் இரட்டிப்பாகாது, எங்கேயோ போய் எல்இடியே கருகிவிடும். வோல்ட்டும் ஆம்பியரும் ஒரே விகிதத்தில் கூடிக் குறைந்தால்தான் ஓம் விதி. இந்த விகிதத்தை முதலில் நிறுவிய ஜெர்மானியர் கியார்க் சைமன் ஓம், 1820களில் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அப்போதிருந்த பேட்டரிகள் நிலையாக நிற்காமல் அவருடைய அளவுகளைக் கெடுத்தன. அதனால் செம்பையும் பிஸ்மத்தையும் இணைத்து, ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்து, அந்த வெப்ப வித்தியாசத்தில் பிறக்கும் மாறாத மின்னழுத்தத்தைப் பயன்படுத்தினார். 1827ல் புத்தகமாக வெளியிட்டபோது சொந்த நாட்டில் பெரிய வரவேற்பு இல்லை. 1841ல் லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் கொடுத்தது.

மின்விசிறி, ஃபிரிட்ஜ், தண்ணீர் மோட்டார் ஆகியவற்றிலும் எச்சரிக்கை தேவை. 75 வாட் மின்விசிறிக்கு 52,900 ÷ 75 = 705 ஓம் என்று கணக்கு சொல்லும், மீட்டரில் வைண்டிங்கை அளந்தால் அதைவிடக் குறைவாகக் காட்டும். காயிலில் உருவாகும் காந்தப்புலமும் மாறுமின்னோட்டத்தை எதிர்க்கிறது, சுழலும் மோட்டார் திருப்பி ஒரு மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. இவை ஓம் மீட்டரின் கண்ணில் படாது. இன்னொன்று, மோட்டாரில் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வருவது முழுதும் வாட் ஆகாது, பவர் ஃபேக்டர் என்ற எண்ணாலும் பெருக்க வேண்டும். 1 எச்பி மோட்டார் 746 வாட்தானே, 230ஆல் வகுத்தால் 3.2 ஆம்பியர்தானே என்று வயர் வாங்காதீர்கள். அந்த 746 என்பது மோட்டார் வெளியே தரும் வேலை. இழுக்கும் ஆம்பியர் அதைவிட நன்றாகவே கூடுதலாக இருக்கும், மோட்டாரின் பிளேட்டிலேயே எழுதியிருப்பார்கள். அதைப் பார்த்து வாங்குங்கள். இஸ்திரிப்பெட்டி, ராடு, கீசர், டோஸ்டர், குண்டு பல்பு என்று சூடாவதே வேலையாக இருப்பவற்றில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

கடைசியாக, கையில் வாட் மீட்டர் இல்லாமல் வாட்டை அளக்க ஒரு வழி. இபி மீட்டரைப் பாருங்கள். எலெக்ட்ரானிக் மீட்டரில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு விட்டு விட்டு மின்னும். பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை மின்னல் என்று அச்சிட்டிருப்பார்கள். 3200 என்பது பல மீட்டர்களில் காணும் எண். உங்கள் மீட்டரில் வேறாக இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு யூனிட் என்பது 1000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் செலவாகும் ஆற்றல், அதாவது 36 லட்சம் ஜூல். அதை 3200ஆல் வகுத்தால் 1125. ஆக, ஒவ்வொரு மின்னலும் 1125 ஜூல். இரண்டு மின்னல்களுக்கு இடையே எத்தனை வினாடி என்று பார்த்து, 1125ஐ அதனால் வகுத்தால் அந்த நேரத்தில் வீடு இழுக்கும் வாட்.

ஃபிரிட்ஜ், ஃபேன், இன்வெர்ட்டர், டிவி பெட்டி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு இஸ்திரிப்பெட்டியை மட்டும் போடுங்கள். அதன் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது, அதாவது தெர்மோஸ்டாட் துண்டிக்காத நேரத்தில், 20 இடைவெளிகளை எண்ணுங்கள். 26 வினாடி ஆனது என்று வைத்துக்கொள்வோம். ஓர் இடைவெளிக்கு 1.3 வினாடி. 1125 ÷ 1.3 = 865 வாட்.

1000 வாட் பெட்டி 865 வாட்தான் இழுக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா? பெட்டியின் ஓம் 52.9 என்று முன்பே மல்டிமீட்டரில் பார்த்திருந்தால் பழி லைன் மேல்தான். 865ஐ 52.9ஆல் பெருக்கினால் 45,758. இது வோல்ட்டின் இருமடி. வர்க்கமூலம் எடுத்தால் 214. உங்கள் வீட்டு சப்ளை அந்த நேரத்தில் 214 வோல்ட், மல்டிமீட்டர் முனையை சாக்கெட் ஓட்டைக்குள் விடாமலே தெரிந்துவிட்டது. இரவு எட்டு மணிக்கு ஒருமுறையும் விடியற்காலையில் ஒருமுறையும் எண்ணிப் பாருங்கள், இரண்டும் ஒன்றாக வராது.